இடிந்த லயத்தின் முகவரி

அப்பாவுக்கு அந்த அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நான் வானொலியில் காலை நிகழ்ச்சியில் இருந்தேன். ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் கைத்தொலைபேசியை அடைத்துவிடுவது என் பழக்கம். அப்பா மூன்று முறை அழைத்திருந்தது பத்து மணிக்கு மேல்தான் தெரிந்தது. அதற்குள் 6,000 ரிங்கிட் போய்விட்டது.

அழைத்தவன் தன்னைக் காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டான். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, சேமிப்பை உடனே வேறு கணக்குக்கு மாற்றுங்கள் என்ற அதே பழைய கதை. நானே எத்தனையோ முறை வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறேன். அப்பாவும் கேட்டிருக்கிறார்.

“அப்புறம் எப்படிப்பா நம்புனீங்க?”

“அடையாள அட்டை நம்பரைச் சொன்னான்மா. அதோட விடலை. பழைய தோட்டத்து முகவரியச் சொன்னான். லயத்து வீட்டு நம்பர்கூட சரியாச் சொன்னான். அதெல்லாம் தெரிஞ்சவன் அரசாங்கத்து ஆளாத்தான் இருப்பான்னு நினைச்சிட்டேன்.”

பீடோங் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த அந்த லயத்தை இடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பால்மரங்கள் போய், மேடு பள்ளம் சமனாகி, அங்கே இப்போது தாமான் வந்துவிட்டது. நாங்கள் சுங்கை பட்டாணிக்குக் குடிமாறிவிட்டோம். அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட இன்று இல்லை. அதன் முகவரி மட்டும் எவனோ ஒருவனுடைய கணினியில் பத்திரமாக இருக்கிறது.

அது எங்கிருந்து போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். 2017 அக்டோபரில், மலேசியக் கைத்தொலைபேசிப் பயனர்களின் விவரங்கள் விலைக்கு வந்திருப்பதாக லோயாட் டாட் நெட் இணையத்தளம் செய்தி வெளியிட்டது. மொத்தம் 4 கோடியே 62 லட்சம் எண்கள். அன்றைய நம் மக்கள்தொகையைவிட அதிகம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், சிம் அட்டை விவரம் எல்லாம் அதில் இருந்தன. தொடர்பு பல்லூடக ஆணையமும் காவல்துறையும் விசாரித்தன. கொஞ்ச நாள் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம்.

முன்கட்டணச் சிம் அட்டைகளைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற விதி 2006-இல் வந்தது. அப்பா தன் முதல் எண்ணைப் பதிந்தபோது கொடுத்தது அந்த லயத்து முகவரியைத்தான். அதை நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான், கூலிமில் வேலை செய்யும் இளம் நேயர் ஒருவர் எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: “குவாண்டம் கணினி வந்தால் நம் கைத்தொலைபேசியில் ரகசியமே இருக்காது என்கிறார்களே, உண்மையா?”

இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கைத்தொலைபேசியும் ஒரு வானொலிதான்

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது அலுவலகத்தில் இருந்த ஒன்றுதான். ஊரில் சாவு என்றால் அங்கேதான் அழைப்பு வரும். கிராணியார் எடுப்பார், ஆள் அனுப்புவார். சேதி நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி லயத்துக்குத் தெரிந்திருக்கும். தொலைபேசியில் ரகசியம் பேசலாம் என்று யாரும் நினைத்ததில்லை.

கைத்தொலைபேசி வந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. காதோடு வைத்துப் பேசுகிறோம், நமக்கும் அவருக்கும் மட்டும்தான் என்று நம்புகிறோம். உண்மையில் அதுவும் ஒரு வானொலிதான். நான் பேசுவது அலையாகப் போவது போலவே, உங்கள் திறன்பேசி பேசுவதும் அலையாகத்தான் கோபுரத்துக்குப் போகிறது. அந்த அலையைப் பக்கத்தில் நிற்பவரும் பிடிக்கலாம். அவருக்குப் புரியாமல் இருப்பதற்குக் காரணம் கணக்கு. நம் பேச்சும் செய்தியும் கணக்கால் பூட்டப்பட்டுப் போகின்றன.

இதில் இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு.

முதல் வகையில் இரண்டு பேரிடமும் ஒரே சாவி இருக்கும். உங்கள் சிம் அட்டைக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் இன்னொரு படி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் கோபுரம் உங்களை அடையாளம் காண்கிறது, அழைப்பைப் பூட்டுகிறது. இந்த வகைப் பூட்டைக் குவாண்டம் கணினியாலும் எளிதில் உடைக்க முடியாது. சாவியை நீளமாக்கினால் சமாளித்துவிடலாம்.

இரண்டாவது வகைதான் சிக்கல். முன்பின் சந்திக்காத இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். பொதுவான சாவி கிடையாது. அப்போது ஒருவர் தன் பூட்டை ஊருக்கே கொடுத்துவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். யார் வேண்டுமானாலும் பூட்டலாம், அவர் மட்டும்தான் திறக்கலாம். வங்கிச் செயலியும் புலனமும் இணையத்தளங்களும் இதை நம்பியே இயங்குகின்றன. தொலைத்தொடர்பு நிறுவனமும் அப்படித்தான். கோபுரத்திலிருந்து மையத்துக்குப் போகும் இணைப்பு, வெளிநாடு போகும்போது இரண்டு நிறுவனங்கள் நம்மைப் பற்றிப் பரிமாறிக்கொள்ளும் தகவல், கோபுரத்தின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அது உண்மையான நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் மின்கையொப்பம் எல்லாவற்றிலும் இந்த வகைப் பூட்டு இருக்கிறது. 5ஜி-யில் சிம் அட்டையின் நிரந்தர எண்ணை மறைத்து அனுப்பும் புது வசதியும் இதையேதான் நம்புகிறது.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம்

இந்தப் பூட்டின் பலம் எங்கே இருக்கிறது? 17-ஐயும் 23-ஐயும் பெருக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 391 என்று சொல்லிவிடும். 391-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். எண் பெரிதாகப் பெரிதாகப் பெருக்குவது எளிதாகவே இருக்கும், பிரிப்பது மட்டும் மலைபோல வளரும். 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறை இதன்மேல் நிற்கிறது. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே ஒரு கணிப்பான் கருவில் அந்த வேலையைச் செய்திருந்தால் ஏறக்குறைய 2,700 ஆண்டு ஆகியிருக்கும். இன்று புழக்கத்தில் உள்ள பூட்டில் 617 இலக்கங்கள்.

1994-இல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஒன்றைக் காட்டினார். குவாண்டம் கணினி என்று ஒன்றை உருவாக்க முடிந்தால், இந்தப் பிரிக்கும் வேலையை அது விரைவாக முடித்துவிடும். ஆர்.எஸ்.ஏ.-வுக்குப் பிறகு வந்த நீள்வட்ட வளைவுப் பூட்டுகளும் அதே வழியில் திறந்துகொள்ளும்.

அப்படிப்பட்ட கணினி இன்று இல்லை. கூகுள் 2024 டிசம்பரில் அறிமுகம் செய்த வில்லோ சில்லில் 105 குவாண்டம் பிட்டுகள். 2019-இல் போட்ட கணக்குப்படி, இன்றைய ஆர்.எஸ்.ஏ. பூட்டை எட்டு மணி நேரத்தில் உடைக்க 2 கோடி குவாண்டம் பிட்டுகள் தேவைப்பட்டன. அதே ஆய்வாளர்களில் ஒருவரான கிரேக் கிட்னி 2025 மே மாதம் கணக்கை மாற்றினார்: ஒரு வாரம் பொறுத்தால் 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும். இயந்திரம் வளர்வது ஒரு பக்கம் இருக்க, அதற்குத் தேவையான அளவே ஆறு ஆண்டில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இன்று அள்ளி, நாளை திறப்பது

“கணினி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாமே?” கூலிம் நேயரிடம் பேசியபோது அவரும் இதைத்தான் கேட்டார்.

திருடன் காத்திருப்பான் என்பதுதான் பதில். பூட்டிய பெட்டியை இன்றே தூக்கிக்கொண்டு போகலாம். சாவி கிடைக்கும்வரை பரண்மேல் போட்டு வைக்கலாம். பூட்டிய தகவலைச் சேமித்து வைக்கக் கணினியில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.

அள்ளுவதற்கு இடம் எங்கே? நாம் தமிழ்நாட்டு உறவினரோடு பேசும் காணொளி அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது வானத்தில் பறந்து போவதைவிடக் கடலடியில் போவதே அதிகம். பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே கடலடிக் கம்பி இருக்கிறது. வங்காள விரிகுடா நுழைவாயில் என்ற கம்பித்தடம் இரண்டு ஊரையும் தொட்டு, இலங்கை, மும்பை வழியாக ஓமான் வரை போகிறது. வழியில் எத்தனையோ நிலையங்கள், கருவிகள், நிறுவனங்கள். அமெரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சிலவற்றுக்குள்ளேயே ஊடுருவல்காரர்கள் புகுந்திருந்தது 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நீதிமன்ற ஆணையின்பேரில் உரையாடல்களை ஒட்டுக்கேட்கப் பயன்படும் அமைப்பைக்கூட அவர்கள் தொட்டிருந்தார்கள்.

ஆகவே குவாண்டம் கணினி எப்போது வரும் என்பதை மட்டும் கேட்டால் போதாது. நம் ரகசியம் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கனடாவின் மிக்கேல் மோஸ்கா இதை ஒரு சிறு கணக்காகச் சொன்னார். ரகசியத்தின் ஆயுளையும், பூட்டை மாற்ற ஆகும் காலத்தையும் கூட்டுங்கள். அது குவாண்டம் கணினி வர ஆகும் காலத்தைவிட அதிகமானால், ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது.

நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருமுறைக் கடவுச்சொல்லின் ஆயுள் சில நிமிடம். அடையாள அட்டை எண்ணின் ஆயுள்? முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கெடாவில் பிறந்த என் எண்ணில் அது 02. இந்த எண் நான் சாகும்வரை மாறாது. மருத்துவ அறிக்கை, சொத்துப் பத்திரம், கைரேகை எல்லாம் அப்படித்தான். இந்த ஆண்டு சுங்கை பட்டாணி மருத்துவமனையில் பிறக்கும் ஒரு பிள்ளையின் எண் இன்னும் எண்பது ஆண்டு உழைக்க வேண்டும்.

பூட்டை மாற்ற எவ்வளவு காலம் ஆகும்? நம் நாட்டில் 3ஜி 2005-இல் வந்தது, 2021 இறுதியில் மூடப்பட்டது. ஒரு தலைமுறைக் கருவி வந்து போகப் பதினாறு ஆண்டு. கோபுரம், சிம் அட்டை, திறன்பேசி, மையக் கணினி என்று எல்லாவற்றிலும் இருக்கும் பூட்டுகளை மாற்றுவதும் ஓர் இரவில் முடிகிற வேலை இல்லை.

கோலப் புள்ளிகளுக்கு நடுவே

மாற்றுப் பூட்டு தயாராகிவிட்டது என்பது நல்ல செய்தி. நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தரநிலைக் கழகம் 2016-இல் உலகக் கணித அறிஞர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது: குவாண்டம் கணினியாலும் திறக்க முடியாத பூட்டைக் கொண்டுவாருங்கள். எட்டு ஆண்டுச் சோதனைக்குப் பிறகு 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரநிலைகள் வெளியாயின. சாவியைப் பரிமாற எம்.எல்.-கெம் என்ற முறை. மின்கையொப்பத்துக்கு வேறு இரண்டு.

எம்.எல்.-கெம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது எங்கள் வாசல் கோலத்தை நினைத்தபோதுதான். அம்மா புள்ளி வைக்கிறார். வரிசை வரிசையாகப் புள்ளிகள். நடுவில் எங்கோ ஒரு மாவுத் துளி சிந்திவிட்டது. அதற்கு மிக அருகில் உள்ள புள்ளி எது? வாசலில் பார்த்த உடனே சொல்லிவிடலாம். வாசலுக்கு நீளம், அகலம் என்ற இரண்டு திசைகள் மட்டும் இல்லாமல் பல நூறு திசைகள் இருந்தால்? எந்தப் புள்ளி அருகில் என்று கண்டுபிடிப்பது பெரும் கணக்காகிவிடும். இதற்குக் குவாண்டம் கணினியிலும் குறுக்குவழி இதுவரை யாரும் காணவில்லை.

ஆனால் சுமை கூடும். பழைய முறையில் 32 பைட்டில் அடங்கிய பொதுச் சாவி, பரவலாகப் பயன்படும் எம்.எல்.-கெம் அளவில் 1,184 பைட். திறன்பேசிக்கு இது பெரிய பாரமில்லை. பழைய சிம் அட்டைக்கும் தோட்டத்து மூலையில் இருக்கும் சின்னக் கருவிக்கும் பாரம்தான்.

புதுப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அதே போட்டியில் சைக் என்ற முறை நான்காம் சுற்றுவரை வந்தது. 2022-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இருவர் அதைச் சாதாரணக் கணினியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். அதனால்தான் இன்று பலரும் பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்தே போடுகிறார்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று நிற்கும். சிக்னல் செயலி 2023-இலும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-இலும் இப்படி மாறிவிட்டன. உலகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. 2022-இலேயே இதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது.

முன்வாசல் பூட்டும் பின்வாசலும்

இங்கே தென்கொரியாவின் கதையைச் சொல்ல வேண்டும். அங்குள்ள எஸ்.கே. டெலிகாம் குவாண்டம் பாதுகாப்பில் உலகுக்கே முன்னோடியாகப் பார்க்கப்பட்ட நிறுவனம். 2018-இல் சுவிட்சர்லாந்தின் குவாண்டம் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைத் தன்வசமாக்கியது. 2020-இல் குவாண்டம் சில்லு பொருத்திய திறன்பேசியை விற்றது. அதே நிறுவனத்தில்தான் 2025 ஏப்ரலில் ஊடுருவல் தெரியவந்தது. ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் சிம் பதிவுகள் கசிந்தன. சிம் அட்டையின் ரகசியச் சாவியும் அதில் இருந்தது. அந்தச் சாவிகள் குறியாக்கம் செய்யப்படாமலேயே சேமித்து வைக்கப்பட்டிருந்தன என்றும், தீநிரல் 2021-இலிருந்தே உள்ளே இருந்தது என்றும் அரசு விசாரணை கண்டறிந்தது. எல்லாருக்கும் இலவசமாகப் புது சிம் அட்டை தருவதாக நிறுவனம் அறிவித்ததும் கடைகளின் முன் நீண்ட வரிசை நின்றது.

அதை உடைக்கக் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. அப்பாவை ஏமாற்றவும் தேவைப்படவில்லை. முன்வாசலுக்கு உலகின் சிறந்த பூட்டைப் போட்டாலும் பின்வாசலைத் திறந்து வைத்தால் என்ன பயன்? குவாண்டம் கால ஏற்பாடு என்பது புதுக் கணக்கு மட்டும் இல்லை. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது, அது இன்னும் தேவைதானா என்று கணக்கெடுப்பதும்தான். இடிந்த லயத்தின் முகவரியை எவரும் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. இல்லாத தகவலைத் திருட முடியாது.

நம் நாட்டில் சட்டம் இப்போது கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நாட்டின் முக்கியமான 11 துறைகள் அதன்கீழ் வருகின்றன, தகவல் தொடர்பும் அதில் ஒன்று. 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தகவல் கசிந்தால் நிறுவனங்கள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிப்புப் பெரிதானால் நம்மிடமும் சொல்ல வேண்டும். 2017-இல் அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை.

வீட்டிலும் வேலையிடத்திலும்

குடும்பமாக நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. திறன்பேசியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதிய பூட்டுகள் அந்த வழியாகத்தான் வருகின்றன. புதுப்பிப்பு நின்றுபோன பழைய திறன்பேசியில் வங்கிச் செயலி வேண்டாம். அடையாள அட்டையைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பாதீர்கள். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், குறுக்கே கோடிட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை அதன்மேலேயே எழுதுங்கள். உங்கள் விவரத்தைச் சரியாகச் சொல்கிறான் என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியையோ, 997 என்ற தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தையோ அழையுங்கள்.

இளையோருக்கு இன்னொன்று. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே சில்லுகளோடு வேலை செய்கிறார்கள். அங்கே ஆலை வைத்திருக்கும் இன்ஃபினியனின் பாதுகாப்புச் சில்லு ஒன்று, குவாண்டம் காலப் பூட்டுக்காக ஜெர்மானியப் பாதுகாப்பு அலுவலகத்தின் சான்றிதழை 2025 ஜனவரியில் பெற்றது. அந்தச் சில்லு கூலிமில் செய்வது இல்லை, இங்குள்ள ஆலையின் வேலை மின்திறன் சில்லுகள். ஆனாலும் இந்தத் துறை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. நீங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிலோ கொள்முதல் பிரிவிலோ இருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: “நாம் வாங்கும் கருவியில் பூட்டை மாற்ற முடியுமா, எப்போது மாற்றப்போகிறார்கள்?” இப்போது புழக்கத்தில் உள்ள பொதுச்சாவிப் பூட்டுகளை 2035-க்குப் பிறகு அனுமதிக்கக் கூடாது என்பது நிஸ்டின் வரைவுத் திட்டம். அதற்கு அதிகக் காலம் இல்லை.

அப்பாவின் 6,000 ரிங்கிட் திரும்பி வரவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதியபோது அதிகாரி முகவரி கேட்டார். அப்பா பழக்கத்தில் தோட்டத்துப் பெயரைச் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டு, தாமான் பெயரைச் சொன்னார்.

வரும் வழியில் காரில் கேட்டார்: “அந்த முகவரிய அவன்கிட்ட இருந்து அழிக்கவே முடியாதாம்மா?”

“முடியாதுப்பா” என்றேன்.

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “அப்போ உன் பிள்ளைங்களுதையாவது பத்திரமா வெச்சுக்கோ” என்றார்.